ரோபோகாப்பி: கறுப்புத் திரையோடு ஆறு வாரம்

எங்கள் கல்லூரியில் "எச்சில் போட்டு வைத்திருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எச் டிரைவ் என்று விளக்கிய பிறகு சரியாகிவிடும். காலையில் கணினியைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், எச் என்ற எழுத்துக்குக் கீழே அவரவர் ஃபோல்டர் வந்து நிற்கும். வினாத்தாள், வருகைப் பதிவு, ஆய்வு நெறியாளருக்கு அனுப்பிய கடிதம், பேத்தியின் காதணி விழாப் படம் எல்லாம் அதில்தான். அது தங்கள் கணினியில் இல்லை, என் சர்வர் அறையில் இருக்கும் ஒரு பெட்டியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமலே இருந்தால்தான் நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்று அர்த்தம்.

அந்தப் பெட்டியில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2023 அக்டோபர் 10 அன்று நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் நாங்கள் அதை ஓட்டிக்கொண்டிருந்தோம். பெருமைப்பட ஒன்றுமில்லை, புதிய பெட்டிக்கான கோப்பு நிர்வாக அலுவலகத்தில் மேசை மேசையாகப் பயணம் செய்துகொண்டிருந்தது. கடைசியில் கோடை விடுமுறைக்கு முன்பு பெட்டி வந்து சேர்ந்தது. சேலத்தில் கல்லூரி, ஏற்காட்டில் உறைவிடப் பள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 412 பேரின் எச் டிரைவை அதற்கு மாற்ற வேண்டும். ஒருவர்கூட ஒரு கோப்பையும் இழக்கக் கூடாது, ஒருவரும் என்னைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது.

பெட்டியை விற்ற நிறுவனமே மாற்றித் தருவதாகச் சொன்னது. ஒரு பயனருக்கு 450 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து மொத்தம் 2,18,772 ரூபாய். செய்து காட்டுங்கள் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். சோதனைக்கு மூன்று ஃபோல்டர் கொடுத்தேன். எங்கள் பழைய அமைப்பில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே உரிமை. நிர்வாகியான நானே திறந்தாலும் "அனுமதி இல்லை" என்று வரும். அவர்களுக்கும் அப்படியே வந்தது. வந்தவர்களில் மூத்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் மூன்று ஃபோல்டர்களின் உரிமையாளர் பெயரையும் நிர்வாகி என்று மாற்றிவிட்டு நகலெடுத்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது, கை குலுக்கினார்கள், போனார்கள். மறுநாள் காலை அந்த மூன்று பேருக்கும் டாகுமென்ட்ஸ் வரவில்லை. எங்களிடம் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை எச் டிரைவுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். அப்படித் திருப்பும்போது அந்த இடத்தின் உரிமையாளர் அந்தப் பயனர்தானா என்று விண்டோஸ் சரிபார்க்கும். இல்லையென்றால் கையை விரித்துவிடும். மூன்று பேருக்கே இப்படி என்றால் 412 பேருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

ஆயுதம், கோப்புகளை நகலெடுக்கும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பி. ஆகவே இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

பெயரில் ரோபோ இருந்தாலும் 'ரோபஸ்ட் ஃபைல் காப்பி' என்பதன் சுருக்கம்தான் அது. விண்டோஸ் என்டி காலத்தில் ரிசோர்ஸ் கிட் என்ற தனிப் பொட்டலத்தில் கிடைத்தது. விஸ்டாவிலிருந்தும் சர்வர் 2008-லிருந்தும் விண்டோஸோடு கூடவே வருகிறது. தனியாகக் காசு இல்லை. பட்டன் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் எங்கிருந்து, எங்கே என்று எழுதி, பின்னால் ஸ்விட்சுகளை, அதாவது எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் சின்னக் குறிகளை, அடுக்க வேண்டும். இந்தத் துறையில் 19 வருடமாக இருக்கிறேன். இத்தனை நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யாரும் பாராட்டாமல், சொன்ன வேலையைச் செய்யும் இன்னொரு ஆள் என்று அதன்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

பாசத்தை ஒதுக்கிவிட்டுக் குறையைச் சொல்கிறேன். அதன் இயல்பு அமைப்புகள் மோசம். ஒரு கோப்பு யாரிடமாவது திறந்திருந்து நகலெடுக்க முடியவில்லை என்றால், ரோபோகாப்பி 30 நொடி காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை முறை? பத்து லட்சம் முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கோப்புக்காக 347 நாள். முதல் இரவு இதை மாற்ற மறந்துவிட்டேன். கணக்குப் பிரிவில் ஒருவர் எக்செல் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் வந்து பார்த்தால் ரோபோகாப்பி அந்த வாசலிலேயே விடிய விடிய நின்றுகொண்டிருக்கிறது. ஆர் என்ற ஸ்விட்சில் 2, டபிள்யூவில் 5 என்று கொடுத்தால் ஐந்தைந்து நொடி காத்திருந்து இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

பூட்டிய ஃபோல்டர்களை அது கையாளும் விதம்தான் என்னை மயக்கியது. பி என்ற ஸ்விட்ச் பேக்கப் முறை. பேக்கப் எடுக்கும் உரிமை உள்ள நிர்வாகி ஓட்டினால், ஃபோல்டரின் பூட்டை உடைக்காமலேயே, உரிமையாளர் பெயரைத் தொடாமலேயே உள்ளே இருப்பதை எடுத்துவிடும். அந்த இரண்டு பேருக்கும் இது தெரிந்திருந்தால் மூன்று பேரின் காலைப்பொழுது வீணாகியிருக்காது. கூடவே காப்பி ஸ்விட்சில் டி, ஏ, டி, எஸ், ஓ என்ற ஐந்து எழுத்துகளும் இருக்க வேண்டும்: கோப்பின் உள்ளடக்கம், பண்புகள், நேரக்குறி, பாதுகாப்பு உரிமைகள், உரிமையாளர். செக் (செக்யூரிட்டி) என்று ஒரு சுருக்க ஸ்விட்ச் இருக்கிறது. பெயரைப் பார்த்து எல்லாம் வரும் என்று நம்பிவிடாதீர்கள், அதில் கடைசி ஓ கிடையாது. அந்த ஒரு எழுத்து இல்லாவிட்டால் மேலே சொன்ன டாகுமென்ட்ஸ் கதைதான்.

ரோபோகாப்பி நகலெடுக்கும்; குடிமாற்றாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் என் வேலை. ஒரு பயனரின் எச் டிரைவ் எங்கே இருக்கிறது என்பது பயனர்களின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் அவர் பெயருக்கு நேராக ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. நகல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வரியை மாற்றும்வரை அவர் பழைய வீட்டில்தான் குடியிருப்பார். எனவே கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 412 பேரின் பெயரும் துறையும் நிலையும் ஒரு பட்டியலில். இரவு 11 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் அதை எழுப்பும். எல்லோருடைய ஃபோல்டரையும் புதிய சர்வரோடு ஒத்திசைக்கும். முதல் முறைக்கு நான்கு இரவு பிடித்தது. அதன் பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எடுத்துக்கொள்வதால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு துறைக்கு நாள் குறித்தால், அன்றிரவு அவர்களுக்கு மட்டும் கூடுதல் வேலை: பழைய ஃபோல்டரில் எழுதும் உரிமையை எடுப்பது, திறந்திருக்கும் கோப்புகளை மூடுவது, கடைசியாக ஒரு முறை நகலெடுப்பது, டைரக்டரி வரியை மாற்றுவது, பட்டியலில் 'முடிந்தது' என்று எழுதுவது. புதிய வரியில் சர்வரின் பெயரை நேரடியாக எழுதவில்லை. டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வசதி வழியாக ஒரு பொதுப்பெயர் வைத்தேன். அடுத்த தடவை பெட்டி மாறினாலும் பெயர் மாறாது. அடுத்த தடவை நான் ஓய்வு பெற்றிருப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

எம்ஐஆர் என்று ஒரு ஸ்விட்ச். கண்ணாடி. மூலத்தில் இருப்பதெல்லாம் இலக்கில் இருக்கும். மூலத்தில் இல்லாதது இலக்கில் இருக்காது. இரண்டாவது பாதியை மனத்தில் வாங்குவதற்கு அடி வாங்க வேண்டும். முன்னோட்டமாகத் தமிழ்த்துறையின் ஆறு பேரை முதலில் மாற்றினேன். ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அப்போது ஸ்கிரிப்ட் 'முடிந்தது' என்று எழுதியதே தவிர, அதை எங்கும் படிக்கவில்லை. இரவு 11 மணிக்கு வழக்கம்போல் எழுந்து, பழைய சர்வரை மூலமாக வைத்து அந்த ஆறு பேரின் புதிய ஃபோல்டரையும் கண்ணாடி பார்க்க வைத்தது. அன்று பகலில் புதிய இடத்தில் உருவான கோப்புகள் பழைய இடத்தில் இல்லை. ஆகவே நீக்கிவிட்டது.

காலை ஒன்பதே காலுக்குத் தமிழ்த்துறைப் பேராசிரியை அழைத்தார். "ஏம்மா, நேற்று முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்த வினாத்தாளைக் காணோம். உன் புது சர்வர் தின்றுவிட்டதா?"

"பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, செய்ததையெல்லாம் ரோபோகாப்பி எழுதி வைக்கும் லாகைத் திறந்தேன். ரோபோகாப்பி வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் நகலெடுத்தது, 2 என்றால் இலக்கில் கூடுதலாக ஏதோ இருந்தது, 3 என்றால் அந்த இரண்டும். 8-க்குக் கீழே எது வந்தாலும் தோல்வி இல்லை. ஷெட்யூலரில் 1 என்று பார்த்துவிட்டுப் பிழை என்று பதறிய என் உதவியாளருக்கு இதை நானே பாடம் நடத்தியிருந்தேன். அன்றைய எண் 3. என் பாடத்தின்படி வெற்றி. லாகில் 'எக்ஸ்ட்ரா ஃபைல்' என்ற குறிப்போடு வினாத்தாளின் பெயர். ரோபோகாப்பி எதையும் மறைக்கவில்லை; நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்து, செய்ததை எழுதியும் வைத்திருந்தது. அதனால்தான் அதன்மேல் கோபம்கூடப் பட முடியவில்லை.

குறித்த நேரங்களில் கோப்புகளின் பிரதியைப் பிடித்து வைக்கும் ஷேடோ காப்பியைப் புதிய சர்வரில் முதல் நாளே இயக்கியிருந்தேன். அதன் இயல்பான நேரம் காலை 7 மணியும் நண்பகல் 12 மணியும். நண்பகல் பிரதியில் வினாத்தாள் இருந்தது, பகுதி ஆ வரைக்கும். பகுதி இ-யை அவர் சாப்பிட்ட பிறகு அடித்திருக்கிறார். வினாத்தாளை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதால் நான் உட்கார்ந்து அடித்துக் கொடுப்பதற்கும் வழியில்லை. அவரே மறுபடி அடித்தார். நான் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றேன்.

அன்று மாலையே ஸ்கிரிப்டில் 'முடிந்தது' என்ற சொல்லைக் கண்டால் அந்த ஆளைத் தொடாதே என்ற வரி சேர்ந்தது. கூடவே எல் என்ற ஸ்விட்ச் பழக்கமானது. அதைச் சேர்த்தால் ரோபோகாப்பி எதையும் செய்யாது, என்ன செய்வேன் என்று மட்டும் பட்டியல் போடும். எம்ஐஆரை எல் இல்லாமல் முதன்முறை ஓட்டுகிறவர்கள் என்னைவிடத் தைரியசாலிகள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிப் பத்தி எழுத வேண்டும், ஏனென்றால் இதை நமக்காக வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. முதலில் லாக்: சாதாரண லாக் ஸ்விட்சில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழும். யூனிலாக் என்ற ஸ்விட்சைப் போட்டால் யூனிகோடில் எழுதும், தமிழ் தமிழாக இருக்கும். அடுத்தது நீளம். அதே பேராசிரியை கோப்புக்குப் பெயர் வைப்பதில்லை, வாக்கியம் எழுதுவார். "நாட்டுப்புறவியல் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையின் திருத்திய இறுதி வடிவம் அச்சுக்குக் கொடுத்தது" என்று ஒரு வேர்டு கோப்பு. எண்ணினால் 50 எழுத்து. ஆனால் கணினி 'கொ' என்பதை ஓர் எழுத்தாகப் பார்ப்பதில்லை. க-வும் கொம்புக்குறியும் தனித்தனி. அப்படி எண்ணினால் 87 குறிகள். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறி வரை ஏற்கும், அதனால் அங்கே சிக்கல் இல்லை. எங்கள் பேக்கப் பெட்டியோ லினக்ஸ். அதன் கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் இடம், தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. இடைவெளியும் பின்னொட்டும் சேர்த்து இந்தப் பெயருக்கு 274 பைட்டு வேண்டும். ரோபோகாப்பி சர்வருக்கு நகலெடுத்துவிட்டது, பேக்கப் பெட்டிக்குப் போகும்போது பிழை. ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவர்களுக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறி. என்னவோ கூடுதல் வாடகை கட்டுகிற மாதிரி இருக்கிறது. பெயரைச் சுருக்கச் சொல்லி அவரிடம் கேட்டேன். "அச்சுக்குக் கொடுத்தது" என்பதை மட்டும் எடுத்தார். போதுமானதாக இருந்தது.

ஏற்காடு தனிக் கதை. பள்ளியில் 22 பேர், 210 ஜிபி. மலையிலிருந்து கீழே அனுப்பும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். முழு வேகத்தையும் இரவு பகலாக எடுத்துக்கொண்டாலே ஏறத்தாழ 47 மணி நேரம். பகலில் பள்ளிக்கு இணையம் வேண்டும், இரவில் மட்டும் ஓட்டினால் ஆறு இரவு. அதற்குள் மழையும் இடியும் வராமல் இருக்க வேண்டும்; மே மாதத்து ஏற்காட்டில் அதை யார் உறுதி சொல்வது? ஆகவே ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோடை விழா நேரத்தில் சனி ஞாயிறில் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் கார்களுக்கு நடுவே நிற்க வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமை. இருபது வளைவு, ஒன்றேகால் மணி நேரம். 210 ஜிபியை அந்த நேரத்தில் இறக்க நம் ஊரில் அந்த பஸ்ஸைவிட வேகமான லைன் எனக்குத் தெரியாது.

டிஸ்க்கை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே வரும் எக்ஸ்ஃபேட் முறை உரிமைகளையும் உரிமையாளர் பெயரையும் சுமக்காது. அதைக் கவனித்துவிட்டேன். கவனிக்காதது வேறொன்று. டிஸ்க்கின் வேரிலிருந்தே, அதாவது அதன் மேல்மட்டத்திலிருந்தே, நேரடியாகப் புதிய சர்வரின் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். முடிந்தது என்று லாக் சொல்கிறது, ஆனால் ஃபோல்டரையே காணோம். டிஸ்க்கின் வேருக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு பண்புகள் எப்போதும் உண்டு. ரோபோகாப்பி விசுவாசமாக அவற்றையும் இலக்கு ஃபோல்டருக்குப் போட்டுவிட்டது. எல்லாம் அங்கேயேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல். அட்ரிப் கட்டளையால் அந்த இரண்டையும் நீக்கியதும் வந்துவிட்டது. அந்த நான்கு நிமிடத்தில் எனக்குச் சேலத்து வெயில் உறைக்கவே இல்லை. மீதி, மலைமேல் அன்றாடம் மாறிய கோப்புகள் மட்டும், ஐபிஜி ஸ்விட்சால் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி லைன் வழியாகவே வந்து சேர்ந்தன.

"ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்வீஸ் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் சர்வர் 2019-லிருந்து அது வருகிறது, விண்டோஸ் அட்மின் சென்டரில் திரை காட்டி, கணக்கெடுத்து, நகலெடுத்து, கடைசியில் பழைய சர்வரின் பெயரையும் ஐபி முகவரியையும் புதியதற்கே கொடுத்துவிடும். பயனருக்கு எந்த வரியும் மாறாது. சாலை உயர்ந்துவிட்டால் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே, அந்த வேலை. ஒரே சர்வர், ஒரே இரவு, பெயர் மாற வேண்டாம் என்பவர்கள் அதையே எடுங்கள்; நானே சொல்லித் தருகிறேன். எனக்குத் துறை துறையாகப் போக வேண்டியிருந்தது, பழைய சர்வர் பெயரிலிருந்தும் விடுபட வேண்டியிருந்தது. இது அறை அறையாகச் சாமான் மாற்றுவது. மேகத்துக்கே (கிளவுடுக்கே) போயிருக்கலாம் என்பவர்கள் ஒரு நாள் ஏற்காட்டு லைனில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது அந்தப் பத்து லட்சம் முறைக்காக.

ஆறு வாரத்தில் 409 பேர் புதிய வீட்டில். செலவு, ஒரு ஹார்டு டிஸ்க்கும் பஸ் டிக்கெட்டும் இரவு விழித்தபோது தின்ற தட்டுவடை செட்டும். மிச்சம் மூன்று பேர். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார், வந்ததும் மாற்றிவிடுவேன். இன்னொருவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் ஃபோல்டரை என்ன செய்வதென்று அலுவலகம் இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது நபரின் ஃபோல்டர் நகலெடுத்து, டைரக்டரி வரியும் மாற்றி, எல்லாம் தயார். ஆனால் எச் டிரைவ் புதிய இடத்துக்கு மாற, வெளியேறி ஒரு முறை மறுபடி உள்நுழைய வேண்டும். அவர் மாலையில் கணினியைப் பூட்டிவிட்டுப் போவார், காலையில் பூட்டைத் திறப்பார். கோப்பு மட்டும் ஏன் சேமிக்க மறுக்கிறது என்று என்னைக் கேட்பார். "ஐயா, ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். நான்காவது தடவை சொல்ல யோசிக்கிறேன். அவர் எங்கள் முதல்வர்.